கேளுங்கள், சொல்கிறேன்: பிரபு எழுதிய கடிதமும் சட்டம் கவனிக்காத வாக்கியமும்

கேள்வி: இத்தாலியில் ஒரே குடும்பம் எண்ணூறு வருஷத்துக்கு மேலாக ஒரே இடத்தில் இருந்துகொண்டு சிவப்பு ஒயின் தயாரிக்கிறது என்று என் மகன் சொல்கிறான். நம்பும்படி இருக்கிறதா?
(ஒரு வாசகி, காரைக்குடி)

நம்பலாம் அம்மா. அவர் சொல்வது ரிகாசோலி குடும்பமாக இருக்க வேண்டும். டஸ்கனி மாநிலத்தில், சியேனா நகரிலிருந்து கொஞ்ச தூரத்தில், காயோலே என்ற சிற்றூரை ஒட்டி பிரோலியோ கோட்டை இருக்கிறது. 1141-ல் அது இவர்கள் கைக்கு வந்தது. இன்றும் அவர்களிடம்தான் இருக்கிறது. ஆனால் அன்று முதலே பாட்டிலில் அடைத்து விற்றார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். 17-ஆம் நூற்றாண்டில் ஆம்ஸ்டர்டாமுக்கும் இங்கிலாந்துக்கும் ஒயின் போயிருக்கிறது. இன்று கியாந்தி என்று நாம் சொல்கிற, இந்தப் பகுதியின் சிவப்பு ஒயினுக்கு ஓர் உருவம் கிடைத்தது 19-ஆம் நூற்றாண்டில்தான்.

நான் அங்கே போயிருக்கிறேன். சரக்குக் கப்பலில் சமையல்காரனாக இருந்த காலம். 1999 அக்டோபரில் லிவோர்னோ துறைமுகத்தில் கப்பல் ஐந்து நாள் நின்றது. இரண்டு நாள் விடுப்புக் கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அறுவடை நடந்துகொண்டிருந்தது. வரிசையாகக் கம்பி கட்டி, மார்பளவு உயரத்துக்குக் கொடி ஏற்றியிருந்தார்கள். பழம் பறித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் என்னைப் பார்த்துச் சிரித்து, ஒரு சின்னக் கொத்தை வெட்டிக் கையில் கொடுத்தார். மேலே சாம்பல் பூத்த கருநீலப் பழம். வாயில் போட்டால் முதலில் நல்ல இனிப்பு, பின்னாலேயே எலுமிச்சை போல ஒரு புளிப்பு, கடைசியில் தோலை மெல்லும்போது பச்சைப் பாக்கின் துவர்ப்பு. அதுதான் சாஞ்சோவேசே, கியாந்தியின் முக்கியத் திராட்சை. ஒயினில் வரப்போகிறது எல்லாம் அந்த ஒரு பழத்திலேயே இருந்தது.

கேள்வி: கியாந்தி ஒயினுக்கு ஒரு பிரபு செய்முறை எழுதிவைத்தார் என்கிறார்களே, அது என்ன செய்முறை?
(ஒரு வாசகர், திருநெல்வேலி)

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். அவர் பெத்தினோ ரிகாசோலி, 1809-ல் பிறந்தவர். ‘இரும்புப் பிரபு’ என்பார்கள். 1861-ல் முதல் பிரதமர் கவூர் இறந்ததும் ஒன்றுபட்ட இத்தாலியின் இரண்டாவது பிரதமர் ஆனவர். இளம் வயதில் அவர் கைக்கு வந்த சொத்தில் கடன்தான் அதிகம். எந்தத் திராட்சை இந்த மண்ணுக்குச் சரிப்படும், எதை எதோடு சேர்த்தால் ஒயின் நிற்கும் என்று பல பத்தாண்டுகள் பரிசோதித்தார். பிரான்சுக்கே போய் அங்குள்ள முறைகளைப் பார்த்து வந்தார். 1872-ல், தமது 63-ஆம் வயதில், பீசா பல்கலைக்கழகப் பேராசிரியர் செசாரே ஸ்தூதியாத்திக்கு ஒரு கடிதம் எழுதினார். அதுதான் நீங்கள் கேட்கிற செய்முறை.

சமையல்காரன் கண்ணால் பார்த்தால் அது பிரமாதமான கடிதம். அளவு, தூக்கு எல்லாம் முக்கியமில்லை. ஒவ்வொரு பழமும் என்ன வேலை செய்கிறது என்று சொல்கிறார். மணமும் வீரியமும் சாஞ்சோவேசேயிலிருந்து வரும். அதன் முரட்டுத்தனத்தைக் கனையோலோ என்ற இன்னொரு கறுப்புத் திராட்சை தணிக்கும், மணத்தைக் கெடுக்காது. மூன்றாவது மால்வாசியா, வெள்ளைத் திராட்சை. அது ஒயினை இலேசாக்கி, தினமும் சாப்பாட்டோடு குடிக்க ஏற்றதாக ஆக்கும். அதோடு ஒன்று சொல்கிறார்: நாள்பட வைத்திருக்கும் ஒயினுக்கு இந்த மால்வாசியா இல்லாமலே இருக்கலாம்.

அந்த வரியைத்தான் பின்னால் வந்தவர்கள் விட்டுவிட்டார்கள். 1967-ல் கியாந்திக்குச் சட்டம் போட்டபோது, வெள்ளைத் திராட்சை 10 முதல் 30 சதவீதம் இருந்தே ஆக வேண்டும் என்று எழுதினார்கள். வெள்ளை அதிகம் விளையும், செலவு குறைவு. வெளிறிய, தண்ணீர் போன்ற கியாந்தி உலகமெங்கும் போய்ப் பெயரைக் கெடுத்துக்கொண்டது. நல்லது செய்ய நினைத்தவர்கள் சட்டத்தை விட்டு வெளியே போக வேண்டியிருந்தது. டஸ்கனியின் இன்னொரு ஒயின் குடும்பமான அந்தினோரி, தங்கள் தின்யனெல்லோ ஒயினில் வெள்ளைத் திராட்சையை 1975-ல் முற்றிலும் நிறுத்தியது. அவ்வளவு அருமையான ஒயினின் லேபிளில் ‘மேசை ஒயின்’ என்ற சாதாரணப் பெயர்தான் போட முடிந்தது. கியாந்தியின் பழைய நிலத்து ஒயினான கியாந்தி கிளாசிக்கோவில் வெள்ளைத் திராட்சைக்குத் தடை வந்தது 2006-ல். பிரபு எழுதி 134 வருஷம் கழித்து! இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆறவே ஆறாது.

கேள்வி: பாட்டில் கழுத்தில் கருப்புச் சேவல் படம் எதற்கு?
(ஒரு வாசகர், பொள்ளாச்சி)

அது கியாந்தி கிளாசிக்கோ என்பதற்கான முத்திரை. புளோரன்சுக்கும் சியேனாவுக்கும் நடுவில் உள்ள பழைய கியாந்தி நிலம் அது. ஒரு கதை சொல்வார்கள்: எல்லைத் தகராறு தீர, சேவல் கூவியதும் இரு ஊரிலிருந்தும் குதிரைவீரர்கள் கிளம்புவது, சந்திக்கும் இடமே எல்லை என்று முடிவு. சியேனாக்காரர்கள் வெள்ளைச் சேவலுக்கு வயிறார இரை போட்டார்கள். புளோரன்ஸ்காரர்கள் கருப்புச் சேவலைப் பட்டினி போட்டார்கள். பசித்த சேவல் விடியுமுன்பே கூவிவிட்டது, நிலத்தில் பெரும்பகுதி புளோரன்சுக்குப் போனது. சேவல் இல்லாமல் வெறும் ‘கியாந்தி’ என்று இருந்தால், அது சுற்றியுள்ள பெரிய பரப்பிலிருந்து வந்தது.

கேள்வி: இவ்வளவு பழைய குடும்பம் நடுவில் பெயரையே விற்றுவிட்டதாமே?
(ஒரு வாசகர், புதுச்சேரி)

ஆமாம். 1970-களில் ஒயின் தொழிலும் பெயரும் வெளிநாட்டு நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டன. கோட்டையும் நிலமும் மட்டும் குடும்பத்திடம் நின்றன. 1993-ல் பிரான்செஸ்கோ ரிகாசோலி அதைத் திரும்ப வாங்கினார். அதுவரை அவர் புகைப்படக்காரர். பழைய கொடிகளைப் பிடுங்கி, படிப்படியாகப் புதிதாக நட்டார்கள். நான் போனபோது சில இடங்களில் கொடிகள் இடுப்பளவுகூட வரவில்லை. இவ்வளவு பழைய இடத்தில் இவ்வளவு சின்னச் செடிகளா என்று அப்போது புரியவில்லை.

மொத்த நிலம் சுமார் 3,000 ஏக்கர். திராட்சை 600 ஏக்கர் அளவுக்குத்தான், மீதி பெரும்பாலும் காடும் ஆலிவ் மரங்களும். மண்ணை இடம் இடமாக ஆராய்ந்து, கொல்லெதிலா, ரோன்சிகோனே, சேனிப்ரீமோ என்று மூன்று நிலங்களின் ஒயினைத் தனித்தனியாக அடைக்கிறார்கள். மூன்றும் சாஞ்சோவேசே மட்டுமே. முதலாவது சுண்ணாம்புக் கல் நிலம், அடுத்தது பழைய கடல் படிவு, மூன்றாவது ஆற்றங்கரைப் படிவு. ஒரே பழம் மூன்று விதமாகப் பேசுவதைக் கேட்க வேண்டுமென்றால் இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பார்க்க வேண்டும்.

கேள்வி: வெளிநாட்டில் இருக்கும் மருமகன் ஒரு பிரோலியோ பாட்டில் கொடுத்தார். சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டுமாமே?
(ஒரு வாசகர், மதுரை)

அது ஐரோப்பாவின் கல் வீட்டு அறை ஐயா, மதுரை அறை இல்லை. 16 முதல் 18 டிகிரிதான் கணக்கு. பாட்டிலை அடுப்படி அலமாரியில் வைக்காதீர்கள், வெயிலும் படக்கூடாது. குடிப்பதற்கு முன் அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுங்கள். மூடியைத் திறந்து கொஞ்ச நேரம் விடுங்கள். ஆட்டுக்கறி வறுவலோடு நன்றாகப் போகும், மிளகாயை மட்டும் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். காரம் ஏறினால் அந்தத் துவர்ப்பு நாக்கில் சுள்ளென்று பிடிக்கும்.