ஏற்காட்டில் அடிக்கடி கரண்ட் போகிறது. டெஸ்க்டாப்பை இரவில் ஸ்லீப்பில் விடலாமா, அணைத்துவிட வேண்டுமா?

வீட்டில் ஒரு விண்டோஸ் டெஸ்க்டாப் இருக்கிறது, யூபிஎஸ் இல்லை, ஸ்லீப்பில் விட்டால் பில் ஏறுமா, தினமும் அணைத்துப் போட்டால் மெஷின் கெடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பகலில் ஸ்லீப், இரவில் ஹைபர்னேட், இடி மின்னல் என்றால் பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். ஆனால் அந்த ஸ்லீப், ஹைப்ரிட் ஸ்லீப்பாக இருக்க வேண்டும்; எது என்ன என்று கீழே சொல்கிறேன். நம் பக்கத்துக்கு மற்ற எல்லாவற்றையும் விட அதுதான் முக்கியம்.

நான் சேலம் குகையில் இருக்கிறேன். பட்டுச் சேலைக்கு ஜக்கார்டு டிசைன் வரைந்து கொடுப்பது என் வேலை. ஒரு கரையைக் கட்டம் கட்டமாகக் கணினியில் நிரப்பி முடிக்க இரண்டு மூன்று நாள் ஆகும். அதனால் இரவில் எதையும் மூடாமல் அப்படியே ஸ்லீப்பில் போட்டுவிட்டுப் படுப்பேன், காலையில் விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம் என்று. ஒரு நாள் காலை பட்டனை அழுத்தினால் விண்டோஸ் முதலிலிருந்து தொடங்கியது. கடைசியாகச் சேமித்த பிறகு போட்டிருந்த மாங்காய்க் கரை முழுவதும் போய்விட்டது.

என்ன ஆனது என்றால், அப்பா இரவு படுக்கும் முன் வீடு முழுக்க ஒரு சுற்று வந்து, எங்கே விளக்கு எரிந்தாலும் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் படுப்பார். சிபியுவில் விளக்கு விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது, அணைத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அன்றைக்கு ஒரே ஒரு நொடி கரண்ட் போய் வந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்.

சாதாரண ஸ்லீப்பில் நீங்கள் திறந்து வைத்திருப்பது எல்லாம் ராம் என்ற தற்காலிக நினைவகத்தில் மட்டும்தான் இருக்கும். ராமுக்குக் கரண்ட் போய்க்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் அவ்வளவுதான். லேப்டாப்பில் பேட்டரி இருப்பதால் இது தெரிவதே இல்லை. டெஸ்க்டாப்புக்கு அந்தத் துணை கிடையாது. ஹைபர்னேட் என்பது ராமில் இருப்பதை ஹார்டு டிஸ்க்கிலோ எஸ்எஸ்டியிலோ எழுதி வைத்துவிட்டு மெஷினை முழுக்க அணைப்பது. பிளக்கைப் பிடுங்கி ஒரு வாரம் வைத்திருந்தாலும் திறந்த ஃபைல் திறந்தபடி திரும்ப வரும். ஹைப்ரிட் ஸ்லீப் இரண்டையும் சேர்த்துச் செய்கிறது. டிஸ்க்கில் ஒரு பிரதி எழுதிவிட்டு, பிறகு தூங்கும். கரண்ட் இருந்தால் சில நொடிகளில் எழுந்துவிடும். கரண்ட் போயிருந்தால் டிஸ்க்கிலிருந்து எடுத்துக்கொள்ளும், கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும், அவ்வளவுதான். டெஸ்க்டாப்புக்கென்றே விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து இருக்கிற வசதி இது.

பல டெஸ்க்டாப்புகளில் இது தானாகவே ஆனில் இருக்கும். என்னுடையதில் இல்லை. அசெம்பிள் செய்து கொடுத்தவர் எஸ்எஸ்டியில் இடம் மிச்சமாகட்டும் என்று ஹைபர்னேட்டையே நிறுத்தி வைத்திருந்தார். அது இல்லாவிட்டால் ஹைப்ரிட் ஸ்லீப்பும் இல்லை. உங்களுடையதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, பவர்சிஎஃப்ஜி என்று ஒரே சொல்லாக அடித்து, ஓர் இடைவெளி விட்டு, ஸ்லாஷ், அதை ஒட்டி ஏ என்ற எழுத்தைப் போட்டு என்டர் தட்டினால், உங்கள் மெஷினில் எந்தெந்தத் தூக்கம் கிடைக்கும், எது கிடைக்காது, ஏன் கிடைக்காது என்று காரணத்தோடு சொல்லும். ஹைபர்னேட் நிறுத்தப்பட்டிருந்தால் அதே சொல்லுக்குப் பிறகு ஸ்லாஷ் ஹைபர்னேட், இடைவெளி, ஆன் என்று அடித்தால் திரும்ப வந்துவிடும். ராம் அளவில் சுமார் 40 சதவீத இடம் டிஸ்க்கில் போகும். 8 ஜிபி ராமுக்கு 3 ஜிபி சொச்சம். கொடுக்கலாம். அப்புறம் கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் என்று போய், ஸ்லீப் என்ற தலைப்பின் கீழ் அலவ் ஹைப்ரிட் ஸ்லீப் என்பதை ஆன் செய்யுங்கள். அதற்குப் பிறகு நீங்கள் வழக்கம்போல ஸ்லீப் கொடுத்தாலே போதும், அது ஹைப்ரிட்டாகத்தான் தூங்கும். மிகப் புதிய சில மெஷின்களில் இந்த வரியே இருக்காது. அப்படியென்றால் ஸ்லீப்பை விட்டுவிட்டு எப்போதும் ஹைபர்னேட்டையே வைத்துக்கொள்ளுங்கள்.

அதே பவர் ஆப்ஷன்ஸில் பவர் பட்டனை அழுத்தினால் என்ன நடக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்க ஓர் இடம் உண்டு. நான் அதில் ஹைபர்னேட் வைத்துவிட்டேன். இப்போது அப்பாவே இரவில் பட்டனை ஒருமுறை அழுத்துகிறார், ஃபேன் சத்தம் நின்று விளக்கு அணைந்ததும் சுவிட்சை அணைக்கிறார். திரை இருண்டவுடனே சுவிட்சில் கை வைக்கக் கூடாது. டிஸ்க்கில் எழுதி முடிக்கும் நேரம் அது. ஷட் டவுன் கொடுத்தாலும் இதே பொறுமை வேண்டும். விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்று ஒன்று வந்திருக்கிறது, ஷட் டவுன் செய்யும்போதும் அது கொஞ்சத்தை டிஸ்க்கில் எழுதிவிட்டுத்தான் அணைகிறது. அதனால்தான் மெஷின் ஏடாகூடமாக நடந்துகொண்டால் ஷட் டவுனை விட ரீஸ்டார்ட் பலன் தருகிறது.

பில் விஷயம். சாதாரண டெஸ்க்டாப் சும்மா ஆனில் கிடந்தாலே மானிட்டர் இல்லாமல் 50, 60 வாட் எடுக்கும். 60 வாட் என்று வைத்து, ஒரு நாளில் யாரும் தொடாத 14 மணி நேரத்தை 60 நாளுக்குக் கணக்குப் போட்டால் ஒரு பில்லுக்கு 50 யூனிட். அதுவே ஸ்லீப்பில் 3 வாட் என்றால் இரண்டரை யூனிட். ஹைபர்னேட் செய்து சுவிட்சையும் அணைத்தால் ஒன்றுமே இல்லை. ஆக ஸ்லீப்புக்கும் அணைப்பதற்கும் பில்லில் பெரிய வித்தியாசம் கிடையாது. ஆனில் விடுவதுதான் செலவு. திரை 5 நிமிடத்தில் அணையட்டும், கணினி 20 நிமிடத்தில் தூங்கட்டும். ஸ்க்ரீன் சேவரை எடுத்துவிடுங்கள். அது பழைய டியூப் மானிட்டரில் படம் பதிந்துவிடாமல் இருக்க வந்தது, எல்இடி திரையில் விளக்கு பின்னால் எரிந்துகொண்டேதான் இருக்கும்.

தினமும் அணைத்துப் போடுவதால் மெஷின் கெடாது. கெடுப்பது கரண்ட் வந்து வந்து போவதுதான். போன கரண்ட் திரும்பியதும் என் கணினி நள்ளிரவில் தானாக ஆன் ஆகி ஃபேன் ஓட ஆரம்பிக்கும். பத்து நிமிடத்தில் மூன்று முறை போய் வந்தால் மூன்று முறையும் விண்டோஸ் பாதி தொடங்கும்போதே அடி வாங்கும். மெஷினை ஆன் செய்ததும் டெலீட் அல்லது எஃப்2 தட்டி, விண்டோஸுக்கு முன்பே வரும் பயாஸ் என்ற செட்டிங் திரைக்குள் போய், ஏசி பவர் லாஸ் என்று வரும் வரியைத் தேடிப் பவர் ஆஃப் என்று வையுங்கள். கரண்ட் வந்தாலும் நீங்கள் பட்டனை அழுத்தும்வரை சும்மா இருக்கும்.

சில நேரம் தூங்க வைத்த கணினி தானாகவே எழுந்துகொள்ளும். என் வீட்டில் அடுத்த அறையில் தறி. பலகை அடிக்கும் அதிர்வில் மேஜை மேல் இருக்கும் மவுஸ் துளி அசைந்தாலும் திரை எரிந்துவிடும். டிவைஸ் மேனேஜரில் மவுஸைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் தாவலில் கணினியை எழுப்ப அனுமதிக்கும் டிக்கை எடுத்தேன், அடங்கிவிட்டது. கீபோர்டுக்கு மட்டும் டிக் இருக்கட்டும். எது எழுப்பியது என்று தெரியாவிட்டால் பவர்சிஎஃப்ஜி, ஸ்லாஷ் லாஸ்ட்வேக் என்று அடித்தால் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும்.

இனி மின்னல். என் அக்கா நாகலூரில் இருக்கிறாள், அதனால் மலை மேல் சித்திரை, வைகாசி மாலைகள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். சில்வர் ஓக் கிளை ஒன்று கம்பியில் விழுந்தால் இரவு முழுக்க இருட்டு. அதைக்கூட ஹைப்ரிட் ஸ்லீப் சமாளிக்கும். மின்னலை எந்த செட்டிங்கும் சமாளிக்காது. சுவிட்சை அணைப்பதும் போதாது, அதற்குள் இருக்கும் இடைவெளி மின்னலுக்கு ஒரு பொருட்டே இல்லை. வானம் கறுக்கும்போதே ஹைபர்னேட் கொடுத்து, பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். இன்டர்நெட் வயர் ரவுட்டரிலிருந்து கணினிக்கு வந்தால் அதையும் கழற்றுங்கள். அக்கா வீட்டில் பிளக்கைக் கழற்றியும் அந்த வயர் வழியாக வந்ததில் மதர்போர்டு போய்விட்டது.

யூபிஎஸ் வாங்க முடிந்தால் 600 விஏ போதும், சேமித்து ஹைபர்னேட் கொடுக்க நேரம் கிடைக்கும். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுவதாக இருந்தால் அதன் பின்னால் யூபிஎஸ் மோடுக்கு மாற்றும் சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். கணினிக்குள் மின்சாரம் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ், கரண்ட் இல்லாமல் ஏறத்தாழ 16 மில்லி நொடிதான் தாங்கும். இன்வெர்ட்டர் அதைவிட மெதுவாக மாறினால் கணினி அணைந்துவிடும்.

எல்லாம் வைத்து முடித்ததும் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். முக்கியமான ஃபைலை எல்லாம் சேமித்து மூடிவிட்டு, நோட்பேடில் இரண்டு வரி அடித்துச் சேமிக்காமல் விடுங்கள். ஸ்லீப் கொடுத்து, விளக்கு விட்டு விட்டு எரியத் தொடங்கியதும் ஒரு நிமிடம் பொறுத்து சுவிட்சை அணைத்துவிடுங்கள். திரும்பப் போட்டுப் பட்டனை அழுத்தும்போது நோட்பேட் திறந்தபடியே அந்த இரண்டு வரியும் அப்படியே வந்தால், மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்டை நிறுத்தும் நாளில்கூட நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. வராவிட்டால் மெஷின் எந்த மாடல் என்று கீழே எழுதுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.