எடின்பரோவில் படிக்கப்போகும் மகளுக்கு 529 கணக்குப் பணத்தைச் செலவிடலாமா?

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். மகள் கைக்குழந்தையாக இருந்தபோதே, கல்விச் செலவுக்கென வரிச் சலுகையோடு சேமிக்க உதவும் 529 கணக்கு தொடங்கிச் சேமித்து வந்தோம். இப்போது அவளுக்கு ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. இந்தப் பணத்தை அங்கே செலவிட்டால் வரியும் அபராதமும் கட்ட நேருமா?

பதில்: தாராளமாகச் செலவிடலாம். அமெரிக்க மத்திய அரசின் மாணவர் நிதியுதவித் திட்டங்களில் பங்கேற்கத் தகுதி பெற்ற கல்வி நிறுவனம் எந்த நாட்டில் இருந்தாலும் 529 பணத்தை வரியின்றி அங்கே செலவிடச் சட்டம் அனுமதிக்கிறது. எடின்பரோ அத்தகுதி பெற்றது. ஆக்ஸ்போர்டு, டொராண்டோ, மெக்கில் ஆகியவையும் அவ்வாறே. ஆனால் உலகப் புகழ் இருப்பதாலேயே ஒரு நிறுவனத்துக்கு இத்தகுதி வந்துவிடாது. ஆகவே இளைய பிள்ளைக்கு வேறு நாட்டில் இடம் தேடும்போது, முன்பணம் கட்டுவதற்கு முன்பே ஃபாஃப்ஸா (மத்திய அரசின் மாணவர் நிதியுதவிக்கான விண்ணப்பம்) இணையதளத்தின் கல்லூரிக் குறியீட்டுத் தேடலில் அந்நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கல்விக் கட்டணம், பாடத்துக்குத் தேவையான புத்தகங்கள், கணினி, இணைய இணைப்பு ஆகியவற்றில் சிக்கல் இல்லை. கவனம் தேவைப்படுவது தங்குமிடத்திலும் உணவிலும்தான். மகள் குறைந்தது பாதி நேர மாணவியாகவாவது பதிவு செய்திருக்க வேண்டும். பல்கலைக்கழக விடுதியில் தங்கினால் அது வசூலிக்கும் தொகை முழுவதையும் கணக்கில் காட்டலாம். இரண்டாம் ஆண்டில் தோழிகளோடு வெளியே வீடு எடுத்தால், அமெரிக்க மாணவர்களின் கடனுக்காகப் பல்கலைக்கழகம் கணித்திருக்கும் தங்குமிட, உணவுச் செலவே உச்சவரம்பு. வாடகை அதைத் தாண்டினால் மிகுதியை உங்கள் கையிலிருந்துதான் கொடுக்க வேண்டும்.

விமானக் கட்டணமும் விசா கட்டணமும் இதில் சேரா. பிரிட்டன் மாணவர் விசாவோடு முன்கூட்டியே மொத்தமாகக் கட்ட வேண்டிய, ஆண்டுக்கு 776 பவுண்ட் சுகாதாரக் கட்டணத்தையும் தனியாகவே ஒதுக்கிவையுங்கள். நான்காண்டுப் படிப்புக்கு அது 3,000 பவுண்டைத் தாண்டிவிடும்.

தவறிப்போய் இவற்றுக்காக 3,000 டாலர் எடுத்துவிட்டதாகக் கொள்வோம். கணக்கில் உள்ள தொகையில் 40 சதவீதம் லாபம் என்றால், 1,200 டாலருக்கு மட்டுமே வருமான வரியும், அதற்கு மேல் 10 சதவீதமாக 120 டாலர் கூடுதல் வரியும் வரும்; நீங்கள் போட்ட முதலுக்கு வரி இல்லை. மாநில வரிச் சலுகை பெற்றிருந்தால் மாநிலமும் அதைத் திரும்பக் கேட்கக்கூடும்.

529 கணக்குகளை நடத்தும் நிறுவனங்கள் பலவும் வெளிநாட்டுக் கல்லூரிக்கு நேரடியாகப் பணம் அனுப்புவதில்லை. மகளின் அமெரிக்க வங்கிக் கணக்குக்கு எடுத்து, அங்கிருந்து பவுண்டாக மாற்றி அனுப்புங்கள். பணம் அவளிடம் சென்றால், கணக்கிலிருந்து எடுத்த தொகையை வரித் துறைக்குத் தெரிவிக்கும் 1099-க்யூ படிவமும் அவள் பெயரிலேயே வரும். பிழையாக எடுத்த தொகைக்கு வரி வந்தாலும் அது பெரும்பாலும் உங்கள் விகிதத்தைவிடக் குறைவாகவே இருக்கும்.

செலவு செய்த ஆண்டிலேயே பணத்தையும் எடுத்துவிடுங்கள். ஜனவரித் தவணையை டிசம்பரிலேயே கட்டினால், அதற்கான தொகையையும் டிசம்பர் 31-க்குள் எடுத்தாக வேண்டும். பவுண்டில் வந்த கட்டண ரசீது, அன்றைய மாற்று விகிதம் தெரியும் வங்கிச் சீட்டு, வாடகை ஒப்பந்தம் ஆகிய மூன்றையும் ஒவ்வொரு தவணைக்கும் ஒரே கோப்பில் வையுங்கள். வரித் துறை கேட்டால் காட்ட வேண்டியது நீங்கள்தான்.