கணக்குப் போட்டால் விசுவாசம் குறைந்துவிடுமா?

கேள்வி: எனக்குத் தையல் நன்றாக வரும். வேலை முடிந்து வந்து தெரிந்தவர்களுக்குத் தைத்துக் கொடுக்கிறேன். வேலையை விட்டுவிட்டு, கடன் வாங்கிச் சொந்தமாகக் கடை போட வேண்டும் என்று வெகுநாளாக ஜெபிக்கிறேன். நன்மையான எதிர்காலத்தைத் தருவேன் என்று கர்த்தர் சொல்லும் எரேமியா 29:11 திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. சபையில், "விசுவாசத்தோடு இறங்குங்கள், கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்கிறார்கள். கணவரோ, "முதலில் கணக்குப் போடு" என்கிறார். கணக்குப் போட உட்கார்ந்தாலே பயம் வருகிறது. கணக்குப் பார்ப்பதே விசுவாசக் குறைவோ என்றும் தோன்றுகிறது. சபையில் ஒரு சகோதரி பாதி முதல் போடுவதாகச் சொல்கிறார். நான் என்ன செய்வது?

பதில்: சகோதரி, உங்கள் கணவர் விசுவாசத்துக்கு எதிராக எதுவும் சொல்லவில்லை. லூக்கா 14-ல் கோபுரம் கட்ட நினைக்கிறவனைப் பற்றி இயேசு பேசுகிறார். முதலில் உட்கார்ந்து, கட்டி முடிக்கத் தன்னிடம் இருக்கிறதா என்று செலவைக் கணக்குப் பார்க்க மாட்டானா என்று கேட்கிறார். அது சீஷத்துவத்தைப் பற்றிய உவமைதான். ஆனாலும் கணக்குப் பார்ப்பதை அவர் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் புத்தியாகவே எடுத்துக்கொள்கிறார்.

பாரசீக ராஜாவின் அரண்மனையில் வேலை செய்த யூதரான நெகேமியாவைப் பாருங்கள். கிஸ்லே மாதத்தில் எருசலேமின் நிலையைக் கேள்விப்பட்டு அழுது உபவாசித்தார். ராஜாவிடம் வாய் திறந்தது நிசான் மாதத்தில், அதாவது ஏறக்குறைய நான்கு மாதம் கழித்து. ராஜா கேட்ட கணத்திலும் மனதுக்குள் ஜெபித்துவிட்டுத்தான் பதில் சொல்கிறார். ஆனால் அந்தப் பதிலில் எத்தனை விவரம்! திரும்பி வரும் காலத்தைக் குறித்துச் சொல்கிறார், வழியில் உள்ள அதிபதிகளுக்குக் கடிதம் கேட்கிறார், மரத்துக்கு வனக்காவலனுக்குத் தனிக் கடிதம் கேட்கிறார். எருசலேம் போனபின் இரவில் எழுந்து இடிந்த அலங்கத்தை, அதாவது நகர மதிலை, சுற்றிப் பார்க்கிறார். எது இடிந்திருக்கிறது, எவ்வளவு இடிந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகே, "கட்டுவோம் வாருங்கள்" என்கிறார். ஜெபித்த நான்கு மாதத்தில் திட்டமும் வளர்ந்திருக்கிறது என்றுதான் நான் வாசிக்கிறேன்.

எரேமியா 29:11-ஐயும் அது நிற்கும் இடத்தில் வைத்து வாசியுங்கள். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம் அது. முந்தின வசனம் அவர்கள் திரும்பி வர எழுபது வருஷம் ஆகும் என்கிறது. ஐந்தாம் வசனம் வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள் என்கிறது. தேவன் தம் ஜனத்தைக் கைவிடவில்லை என்பது அதன் ஆறுதல். அந்த ஆறுதல் உங்களுக்கும் உண்டு, தாராளமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். எந்த மாதம் ராஜினாமா செய்யலாம் என்பதற்கு மட்டும் அதில் பதில் தேடாதீர்கள்.

சரி, பயமுறுத்தும் அந்தக் கணக்குக்கு வருவோம். ஒரு உடைக்கு நீங்கள் வாங்கும் விலையை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். துணி, உள்துணி, நூல், பித்தான், மின்சாரம் எல்லாம் 55. உதவிக்கு வருபவருக்கு உடைக்கு 15 கூலி. கையில் நிற்பது 30. கடை வாடகை, மெஷின் கடன் தவணை, போன் என்று தைத்தாலும் தைக்காவிட்டாலும் மாதம் 3,000 போகிறது என்றால், 100 உடை தைத்தால்தான் அந்தச் செலவு அடையும். நாளுக்கு நாலு உடை, மாதம் 25 நாள் என்றால் தைக்க முடிவதே 100தான். அதாவது மாதம் முழுவதும் முதுகு ஒடியத் தைத்தும் உங்கள் உழைப்புக்குக் கூலி என்று ஒன்றும் மிஞ்சாது.

இதே வேலையை வீட்டின் ஒரு மூலையில், இருக்கிற மெஷினிலேயே தொடங்கினால்? மாதச் செலவு 1,000 ஆகக் குறைகிறது என்று வைப்போம். 34 உடையில் செலவு அடைந்துவிடும். அதே 100 உடைக்கு 2,000 உங்கள் கையில் நிற்கும். தையல் அதேதான், வாடிக்கையாளர்களும் அவர்களேதான். உங்கள் பயம் பெரும்பாலும் அந்த வாடகையையும் தவணையையும் பற்றியதாக இருக்கலாம். அப்படியானால் அந்தப் பயம் உங்களுக்கு நல்ல சேதிதான் சொல்லியிருக்கிறது. என் எண்களை எடுத்துவிட்டு உங்கள் எண்களைப் போடுங்கள். பிரித்துத் தைத்துக் கொடுக்கும் நேரத்தையும் வெட்டில் வீணாகும் துணியையும் விட்டுவிடாதீர்கள். அநேகர் கோட்டை விடுவது அங்கேதான்.

இன்னொன்று, லாபம் வருவதும் கையில் பணம் இருப்பதும் ஒன்றல்ல. துணிக்கடைக்கு இன்றே பணம் கொடுக்கிறீர்கள், மொத்தமாக ஆர்டர் கொடுத்தவர் இரண்டு மாதம் கழித்துத் தருகிறார். நடுவில் அதைவிடப் பெரிய ஆர்டர் வருகிறது. நோட்டில் லாபம் இருக்கும், நூல் வாங்கக் காசு இருக்காது. நன்றாக ஓடும் தொழிலே இப்படி மூச்சுமுட்டி நின்றுவிடுவதுண்டு. முன்பணம் கேட்கக் கூச்சப்படாதீர்கள். துணிச் செலவாவது முன்கூட்டியே வந்துவிட வேண்டும்.

"கடன் வாங்கினவன் கடன் கொடுத்தவனுக்கு அடிமை" என்கிறது நீதிமொழிகள் 22:7. கடனே பாவம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் எலிசா தீர்க்கதரிசி காலத்தில் கடனில் தவித்த விதவையின் கதையை, 2 இராஜாக்கள் 4-ஐ, தொழில் தொடங்குகிற எல்லோரையும் வாசிக்கச் சொல்வேன். வீட்டில் என்ன இருக்கிறது என்பதுதான் அவளிடம் கேட்கப்பட்ட கேள்வி. இருந்தது ஒரு குடம் எண்ணெய். அயலாரிடம் இரவல் வாங்கியது பணத்தை அல்ல, வெறும் பாத்திரங்களை. அந்த ஒரு குடம் எண்ணெய் பாத்திரங்களையெல்லாம் நிரப்பிய அற்புதம் நடந்து முடிந்த பிறகும், எண்ணெயை விற்று முதலில் கடனைத் தீர்க்கச் சொல்கிறார் எலிசா. மீந்ததில்தான் ஜீவனம்.

வியாபாரம் செழிக்க முதலில் 'விதைக் காணிக்கை' போடு, நூறு மடங்காகத் திரும்பும் என்று யாராவது உங்கள் முதலைக் கேட்டால், கொடுக்காதீர்கள். காணிக்கை நன்றியோடு கொடுப்பது. லாபம் எதிர்பார்த்துப் போடும் பணத்துக்கு அந்தப் பெயரை வைப்பது எனக்கு வேதனையாக இருக்கிறது.

அப்படியானால் விசுவாசத்துக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். நிறைய இருக்கிறது. சொன்ன துணிக்குப் பதில் மட்டமானதை வைத்தால் யாருக்கும் தெரியாது என்ற நாள் வரும். பணம் முடைப்பட்ட மாதத்தில் உதவியாளரின் கூலியைத் தள்ளிப்போடத் தோன்றும். கூலியை அன்றன்றே கொடு என்று உபாகமம் 24 சொல்வது அந்த மாதத்துக்காகத்தான். பண்டிகை ஆர்டர் குவியும்போது ஓய்வுநாளும் ஆராதனையும் முதலில் பலியாகும். அந்த இடங்களில் நேர்மையாக நிற்பதற்குக் கை நஷ்டப்பட வேண்டியிருக்கும். கர்த்தர் என்னைப் போஷிப்பார் என்று உண்மையிலேயே நம்புகிறவரால்தான் அந்த நஷ்டத்தைத் தாங்க முடியும். 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த கடைக்காரர்கள், பேரம் பேசுவது வழக்கமாக இருந்த சந்தையில், எல்லோருக்கும் ஒரே விலை என்று நின்றார்கள். தொடக்கத்தில் வாடிக்கையாளர்களை இழந்தார்கள். சொன்ன சொல் மாறாதவர்கள் என்று தெரிந்தபின் ஜனங்கள் அவர்களைத் தேடி வந்தார்கள். கடனை அடைக்காமல் தொழிலில் கவிழ்ந்தவரைத் தங்கள் சபையிலிருந்தே விலக்கும் அளவுக்குக் கண்டிப்பாகவும் இருந்தார்கள். அந்தக் கண்டிப்பு எனக்கு அதிகமாகப் படுகிறது, நீதிமான் ஏழுதரம் விழுந்தும் எழுந்திருப்பான் என்று வேதம் சொல்கிறதே. தொழில் ஓடாமல் போனாலும் தேவன் உங்களைத் தள்ளிவிட்டார் என்று அர்த்தமில்லை. இதைத் தொடங்கும் முன்பே மனதில் வைத்துக்கொண்டால், நஷ்டம் கூடும்போது நேரத்தோடு நிறுத்தவும் தைரியம் வரும்.

பங்குக்கு வரும் சகோதரி விஷயத்தில் தயவுசெய்து எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள். யார் எவ்வளவு முதல், யார் எத்தனை மணி நேரம் உழைப்பு, லாபத்தை எப்படிப் பிரிப்பது, ஒருவர் விலகினால் எப்போது எவ்வளவு திருப்பித் தருவது என்று எல்லாம் அதில் இருக்கட்டும். 'நமக்குள் எதற்கு எழுத்து' என்று அவர் வருத்தப்பட்டால், 2 கொரிந்தியர் 8-ஐ சேர்ந்து வாசியுங்கள். சபைகளின் தர்மப் பணத்தைக் கொண்டுபோகும்போது, ஒருவரும் குற்றஞ்சாட்ட இடமில்லாதபடி பவுல் வேறு சகோதரர்களையும் கூட அனுப்புகிறார். மனுஷர் முன்பாகவும் யோக்கியமாக நடக்க வேண்டும் என்பதுதான் அவர் சொன்ன காரணம். பணத்தகராறில் சகோதரிகள் பிரிந்தால் சபையில் இரண்டு குடும்பங்களும் சேர்ந்தே உடைகின்றன.

வேலையை இப்போது விடாதீர்கள். கொரிந்துவில் பவுலும் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாளோடு கூடாரம் செய்துகொண்டுதான் ஊழியம் செய்தார். மூன்று மாதம் மாலை நேரங்களில், முன்பணம் வாங்கிக்கொண்டு, முழு விலைக்குத் தைத்துக் கொடுங்கள். உறவுக்காரர்களுக்குக் கொடுக்கும் தள்ளுபடி விலையைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது சந்தையைக் காட்டாது. வரவு செலவை ஒரே நோட்டில் எழுதுங்கள். அப்புறம் அந்த நோட்டோடு கணவரும் நீங்களும் உட்கார்ந்து ஜெபித்து, ராஜினாமாவைப் பற்றி முடிவு செய்யுங்கள்.