பேண்ட் நடத்தப் போகிறேன் என்கிற மகன்

அன்புள்ள அம்மா,

டெக்சாஸின் பிளேனோவில் பதினோராம் வகுப்புப் படிக்கும் உங்கள் மகன், கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டாம், டிரம்பெட், டிராம்போன், சாக்ஸபோன் எல்லாம் சேர்ந்த பெரிய ஜாஸ் பேண்டைச் சொந்தமாக நடத்தப் போகிறேன் என்கிறான். 'இது சோறு போடுமா?' என்று கேட்டிருக்கிறீர்கள். பேண்ட் மட்டும் பல வருடங்களுக்குப் போடாது. ஆனால் அதை நடத்துவதற்காக அவன் கற்றுக்கொள்ளும் வேலைகள் போடும்.

கணக்கைப் பாருங்கள். பேண்டில் 18 பேர் என்று வைத்துக்கொண்டால், ஆளுக்கு 100 டாலர் கொடுத்தாலே ஓர் இரவுக்கு 1,800 டாலர். நூறு பேர் 15 டாலர் டிக்கெட் வாங்கினால் வருவது 1,500. ஒத்திகை இடம், வண்டி வாடகை எல்லாம் அப்புறம்.

அப்படியும் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். மினசோட்டாவில் விண்டம் என்ற சின்ன ஊரில் பிறந்தவர் ஜாஸ் இசையமைப்பாளர் மரியா ஷ்னைடர். 1985 இல் ஈஸ்ட்மன் இசைக் கல்லூரியில் முதுகலை முடித்து நியூயார்க் போனவர், முதலில் மற்றவர்களின் இசைக்குறிப்புகளைப் பிரதி எடுத்துப் பிழைத்தார். கில் எவன்ஸ் என்ற ஜாஸ் இசையமைப்பாளரிடம் உதவியாளராக இருந்தார். பிறகு சொந்த ஆர்கெஸ்ட்ரா. 1993 முதல் 1998 வரை திங்கட்கிழமைதோறும் ஒரே கிளப்பில் வாசித்தார்கள். 2004 இல் ரசிகர்கள் முன்கூட்டியே கொடுத்த பணத்தில் ஓர் ஆல்பம் செய்து, கடைக்கே அனுப்பாமல் இணையத்தில் விற்றார். அடுத்த ஆண்டு அதற்கு கிராமி இசை விருது கிடைத்தது. கடையில் விற்காத ஆல்பம் ஒன்று கிராமி வாங்கியது அதுதான் முதல் முறை. அந்தப் பிரதி எடுக்கும் வேலையை நான் பெரிதாக மதிக்கிறேன். வாடகையும் கொடுத்தது, படிப்பாகவும் இருந்தது.

உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே டென்டன் இருக்கிறது. வட டெக்சாஸ் பல்கலைக்கழகம் 1947 இலேயே ஜாஸுக்குப் பட்டப்படிப்பு தொடங்கிய இடம். அங்கே படித்த மைக்கேல் லீக் 2004 இல் நண்பர்களைக் கூட்டி ஆரம்பித்ததுதான் ஸ்னார்க்கி பப்பி என்ற பேண்ட். ஹெட்ஃபோன் மாட்டிய ரசிகர்களை ஸ்டுடியோவுக்குள்ளேயே உட்காரவைத்து, எல்லோரும் ஒன்றாக வாசித்துப் பதிவு செய்வார்கள். ஒரே அறையில் அப்படி வாசிக்கும்போது டிரம்பெட்டின் சத்தம் பக்கத்து மைக்கிலும் விழும். ஒருவர் தவறை மட்டும் தனியாக அழிப்பது கஷ்டம். ஆகவே ஆளைத் தேர்ந்தெடுப்பதும் ஒத்திகை பார்ப்பதும்தான் தலைவரின் உண்மையான தொழில். அந்த ஆட்கள் கல்லூரியில்தான் கிடைப்பார்கள்.

என் யோசனை: இசைக் கல்வியில் இளங்கலை, கூடவே டெக்சாஸ் ஆசிரியர் சான்றிதழ். இங்கே பள்ளி பேண்ட் டைரக்டர் என்பது மாதச் சம்பளமும் மருத்துவக் காப்பீடும் உள்ள வேலை. பெரிய குழுவுக்கு இசை எழுதுவது, ஒத்திகை நடத்துவது எல்லாம் அதிலேயே வரும். வெளிமாநிலத் தனியார் கல்லூரிக்காகப் பெரிய கடன் மட்டும் வாங்காதீர்கள். மாதத் தவணை கட்டுகிறவனால் 18 பேருக்குச் சம்பளம் கொடுக்க முடியாது.

இசைக் கல்லூரிகளில் சேர வாசித்துக் காட்டும் ஆடிஷன்கள் பெரும்பாலும் பன்னிரண்டாம் வகுப்பின் குளிர்காலத்தில் வரும். நேரம் இருக்கிறது. இந்தக் கோடையில் ஒரு பாட்டை எட்டு வாத்தியங்களுக்கு அவனே எழுதி, எட்டு நண்பர்களை வரவழைத்து, உங்கள் வீட்டு கராஜில் வாசிக்கட்டும். எழுத உட்காருகிறானா, ஆட்கள் இரண்டாவது ஒத்திகைக்கும் வருகிறார்களா என்று கவனியுங்கள். நீங்களும் அவன் அப்பாவும் நாற்காலி போட்டு முழுதாகக் கேளுங்கள். அப்புறம் அவனையும் கூட்டிக்கொண்டு என்னைப் பார்க்க வாருங்கள்.