குச்சி மனிதனின் இடது கை

கேள்வி: பாரிஸில் வேலை பார்க்கும் என் தம்பி, 2009-ஆம் ஆண்டு போட்ட 2 யூரோ நாணயம் ஒன்றைக் கொடுத்தான். யூரோவின் பத்தாண்டு நிறைவுக்காக வெளியிட்டதாம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை கிறுக்கியது போல ஒரு குச்சி மனிதன்! எத்தனையோ பெரிய ஓவியர்களைப் பெற்ற ஐரோப்பாவுக்கு இவ்வளவுதான் வந்ததா? பத்திரமாக வைத்திருந்தால் விலை ஏறுமா?
– ஒரு வாசகர், காரைக்கால்

பதில்: விலை ஏறாது. அன்றைக்கு யூரோவில் இருந்த 16 நாடுகளும் இதே படத்தைப் போட்டுக் கோடிக்கணக்கில் வெளியிட்டன. பெட்டியில் வைத்துப் பூட்டுவதற்காக அடித்த காசு இல்லை அது. ரொட்டிக் கடையில் கொடுத்து மீதிச் சில்லறை வாங்கலாம். ஒவ்வொரு நாடும் தன் பெயரையும், பொருளாதாரப் பணக் கூட்டமைப்பைக் குறிக்கும் எழுத்துகளையும் தன் மொழியில் பொறித்துக்கொண்டது. ஜெர்மனியில் ‘டபிள்யூ டபிள்யூ யூ’, பிரான்ஸில் ‘யூ இ எம்’. மற்றபடி எல்லாம் ஒன்றுதான்.

படத்துக்கு வருகிறேன். அதைக் கிறுக்கல் என்று தள்ளிவிடாதீர்கள். வரைந்தவர் கிரேக்க நாணயச் சாலையின் சிற்பி யோர்கோஸ் ஸ்டமடோபுலோஸ். ஐந்து படங்களை முன்வைத்து இணையத்தில் மக்களிடம் ஓட்டுக் கேட்டார்கள். 1,40,000-க்கு மேற்பட்டவர்கள் ஓட்டுப் போட, ஏறக்குறைய 41 சதவீதம் இந்தக் குச்சி மனிதனுக்கு விழுந்தது. குகைச் சுவரில் ஆதிமனிதன் கீறியது போல இருக்க வேண்டும் என்றே அப்படி வரைந்திருக்கிறார். பண்டத்துக்குப் பண்டம் மாற்றிய காலத்திலிருந்து பொதுப் பணம் வரை வந்த வியாபாரத்தின் கதை அது.

சரி, நாணயத்தை வெளிச்சத்தில் பிடித்து அந்த மனிதனின் இடது கையைப் பாருங்கள். அவன் யூரோவைக் கையில் பிடித்திருக்கவில்லை. கையே நீண்டு யூரோ குறியாகிவிட்டது. பிடித்திருக்கும் பொருளை உதறிவிடலாம். கையை எப்படி உதறுவது?

இதை ஒரு கிரேக்கர் வரைந்தார் என்பதுதான் என்னை உலுக்குகிறது. நாணயம் வெளிவந்தது 2009 ஜனவரியில். அதே ஆண்டு அக்டோபரில் ஏதென்ஸில் பதவியேற்ற புதிய அரசு, முன்பு சொல்லப்பட்டதைவிடப் பற்றாக்குறை மிக அதிகம் என்று உடைத்துச் சொன்னது. 2010 மே மாதம் 11,000 கோடி யூரோ கடனுதவி. கூடவே சம்பள வெட்டு, ஓய்வூதிய வெட்டு. கிரேக்கத்தின் பழைய பணமான டிராக்மா இருந்திருந்தால் அதன் மதிப்பைக் குறைத்து, ஏற்றுமதியை மலிவாக்கி, ஓரளவு மூச்சு விட்டிருக்கலாம். வட்டி விகிதமும் பணத்தின் மதிப்பும் ஐரோப்பிய மத்திய வங்கி இருக்கும் பிராங்ஃபர்ட் போய்விட்டன. கடன் மட்டும் அவரவர் தலையில். பணத்தைப் பொதுவாக்கிய தலைவர்கள் கஜானாவைப் பொதுவாக்கவில்லை. யூரோ மேல் எனக்குள்ள பெரிய குறை அதுதான். அந்தப் பாரத்தைச் சுமந்தவர்கள் கையெழுத்துப் போட்டவர்கள் அல்ல, ஓய்வூதியத்தில் வாழ்ந்த முதியவர்கள்.

2015 கோடையில் கிரேக்க வங்கிகள் மூடிக் கிடந்தன. ஏடிஎம்மில் ஒரு கார்டுக்கு ஒரு நாளைக்கு 60 யூரோ மட்டுமே. அந்த வரிசையில் நின்றவர்களின் சட்டைப் பையிலும் இந்தக் குச்சி மனிதன் கிடந்திருப்பான். அத்தனைக்கும் பிறகு கிரேக்கம் யூரோவை விட்டு வெளியேறவில்லை.

காளையையோ கோட்டையையோ பொறித்திருந்தால் நாணயம் பார்க்க அழகாக இருந்திருக்கும். ஆனால் இவ்வளவு உண்மையாக இருந்திருக்காது. விலைக்காக வைத்திருக்க வேண்டாம் என்றுதான் சொன்னேன். தம்பி அடுத்த முறை வந்து திரும்பும்போது கொடுத்து அனுப்புங்கள். பாரிஸில் ஒரு காபிக்காவது ஆகும். அதற்குள் வீட்டுப் பிள்ளைகளிடம் ஒருமுறை காட்டி, அந்தக் கை எங்கே முடிகிறது, குறி எங்கே தொடங்குகிறது என்று கேளுங்கள்.