வகுப்புக்கு வர வேண்டாத பி.எட்.

அண்ணாச்சிக்கு வணக்கம்.

எனக்கு ஊர் ஆலங்குளம் பக்கம். எம்.எஸ்ஸி. கணக்கு முடித்து ஏழு வருடம் ஆகிறது. தென்காசியில் ஒரு நகைக்கடையில் கணக்கு எழுதுகிறேன். ஒரு பையன், யூகேஜி படிக்கிறான். அம்மா பீடி சுற்றித்தான் என்னைப் படிக்க வைத்தாள். இப்போது பி.எட். சேரலாம் என்று நினைக்கிறேன். பாளையங்கோட்டையில் அரசு உதவி பெறும் கல்லூரியில் கிடைத்தால் தினமும் போக வேண்டும், வேலையை விட வேண்டிவரும். ஒரு ஏஜென்ட், வெளியூரில் ஒரு தனியார் கல்லூரி இருக்கிறது, வகுப்புக்கு வர வேண்டாம், பரீட்சைக்கு மட்டும் வந்தால் போதும், ரெக்கார்டு எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்கிறார். அட்வான்ஸாக 5,000 கொடுத்திருக்கிறேன். எங்கே படித்தாலும் பட்டம் கொடுக்கிற பல்கலைக்கழகம் ஒன்றுதானாம். வேலையே நிச்சயமில்லாதபோது இரண்டு வருடச் சம்பளத்தை எதற்கு விட வேண்டும் என்று வீட்டுக்காரர் கேட்கிறார். அதுவும் நியாயமாகத்தான் படுகிறது. ஆசிரியர் வேலை என் லட்சியம் என்று பொய் சொல்ல மாட்டேன், நிலையான சம்பளம் வேண்டும், அவ்வளவுதான். அப்படி நினைப்பது தப்பா? 31 வயதில் சேர்ந்தால் சரிப்படுமா? எதற்கு விண்ணப்பிக்கட்டும்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதம் வந்த நேரம் அப்படி. எங்கள் தெருவில் ஒரு பையன் பி.எட். ரெக்கார்டு நோட்டுகளைக் காசு கொடுத்து எழுதி வாங்கிவந்து, எனக்கே பெருமையாகக் காட்டினான். கையெழுத்து நன்றாக இருந்தது. அந்த எரிச்சல் ஆறுவதற்குள் நீங்கள் எழுதிவிட்டீர்கள். ஆகவே அவனுக்கு விழ வேண்டியதும் சேர்த்து உங்களுக்கு விழலாம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். சம்பளத்துக்காக ஆசிரியர் வேலைக்குப் போவதில் ஒரு தப்பும் இல்லை. எனக்கு ஒழுங்காகப் பாடம் நடத்திய வாத்தியார்களில் பாதிப் பேர் சம்பளத்துக்கு வந்தவர்கள். லட்சியத்தோடு வந்த ஒருவர் எங்களை அடித்தே தீர்த்தார். வயதைப் பற்றிக் கவலை வேண்டாம், பி.எட். சேர்வதற்கு உச்ச வயது கிடையாது. வகுப்பில் உங்களைவிட மூத்தவர்கள் இரண்டு பேராவது இருப்பார்கள்.

பல்கலைக்கழகம் ஒன்றுதான் என்று ஏஜென்ட் சொன்னது உண்மை. தமிழ்நாட்டில் பி.எட். கல்லூரிகள் எல்லாம் 2008இல் தொடங்கிய தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. பாளையங்கோட்டையில் 1950இலிருந்து நடக்கும் தூய சவேரியார் கல்வியியல் கல்லூரியில் படித்தவருக்கும், யாரும் வராத ஒரு கட்டடத்தில் பெயர் மட்டும் இருந்தவருக்கும் பட்டத் தாளில் ஒரே பல்கலைக்கழகத்தின் பெயர்தான். அந்த உண்மையை வைத்துத்தான் அவர் தொழிலே நடக்கிறது.

ஆனால், தங்கச்சி, எம்.எஸ்ஸி. கணக்கு படித்த நீங்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லையே! 2014இல் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் கொண்டுவந்த விதிப்படி பி.எட். இரண்டு வருடம், வருடத்துக்கு 200 வேலை நாள். வகுப்புக்கு 80 சதவீதம் வருகை வேண்டும். பள்ளிக்கூடத்தில் போய் நிற்கிற இன்டர்ன்ஷிப்புக்கு 90. அந்தப் பள்ளிக்கூட நாட்கள் மொத்தம் 20 வாரம், அதில் 16 வாரம் இரண்டாம் வருடத்தில். இதையெல்லாம் வராமலே வந்ததாக எழுதித் தருகிறேன் என்கிற ஆளிடம் பணம் கொடுத்திருக்கிறீர்கள். நகைக்கடையில் கணக்கு எழுதுகிறீர்கள். இல்லாத சரக்குக்கு உங்கள் முதலாளி பில் போடச் சொன்னால் போடுவீர்களா? நாளைக்கு ஒரு விசாரணை வந்தால் அந்த வருகைப் பதிவேட்டில் இருக்கப்போவது உங்கள் பெயர். ஏஜென்ட்டுடைய பெயர் எந்தக் காகிதத்திலும் இருக்காது.

சரி, சட்டம் கிடக்கட்டும். எனக்குச் சட்டத்தைவிடப் பெரிய வருத்தம் அந்த 20 வாரத்தைப் பற்றியது. பி.எட். என்று ஒன்று இருக்கிறதென்றால் அது அந்த 20 வாரம்தான் என்பது என் கட்சி. கல்வி உளவியல், கல்வித் தத்துவம், குழந்தைகள் எப்படிக் கற்கிறார்கள் என்று சொன்ன பியாஜே, வைகாட்ஸ்கி எல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. வீட்டில் உட்கார்ந்து படித்துவிடலாம். பையன் தூங்கின பிறகுகூடப் படிக்கலாம். மைக்ரோ டீச்சிங் என்று கூடப் படிக்கிறவர்களையே மாணவர்களாக உட்கார வைத்து ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம் பாடம் எடுக்கச் சொல்வார்களே, அதுகூட ஒரு ஒத்திகைதான். நாற்பது நிஜப் பிள்ளைகள் உங்களையே பார்த்துக்கொண்டிருக்கிற அறைக்குள் நுழைவது வேறு. அதை யாரும் எழுதித் தர முடியாது.

நான் எட்டாம் வகுப்பு படித்தது அம்பாசமுத்திரம் பக்கத்தில். அப்போது பி.எட். ஒரு வருடப் படிப்பு. வருடா வருடம் ட்ரெயினிங் டீச்சர்கள் வருவார்கள். சுருட்டி எடுத்துவருகிற கரும்பலகை, கலர் சார்ட், அட்டையில் செய்த மாடல் என்று கைநிறையக் கொண்டுவருவார்கள். எங்களுக்குத் திருவிழாதான். எங்கள் கணக்கு வாத்தியார் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து நோட்டில் குறிப்பு எழுதுவார், அல்லது தூங்குவார்.

அந்த வருடம் வந்தவர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். பரப்பளவு நடத்தினார். சதுர மீட்டர், ஆர், ஹெக்டேர் என்று அழகான சார்ட். கல்லூரியிலிருந்து பேராசிரியை வந்து பின்னால் உட்கார்ந்திருந்த அன்றைக்குப் பார்த்து, வருடம் முழுக்க வாயே திறக்காத ஒருத்தன் எழுந்தான். கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் அவர்களுக்குக் கொஞ்சம் வயல் உண்டு. “டீச்சர், எங்க வயலு மூணு மரக்கா வெதப்பாடு. அது எத்தன சதுர மீட்டரு?”

வகுப்பு சிரித்தது. அந்த அம்மாவுக்கு விதைப்பாடு என்றால் என்னவென்று தெரியவில்லை. பின்னால் மார்க் போடுகிறவர் உட்கார்ந்திருக்கிறார், கையில் மணிக்கணக்காக எழுதிய பாடத்திட்டம் இருக்கிறது. அதெல்லாம் பாடத்தில் இல்லை, உட்காருப்பா என்று சொல்லியிருந்தால் யாரும் குறை சொல்லப்போவதில்லை. நாங்களும் அதைத்தான் எதிர்பார்த்தோம். அவர் குச்சியை மேசையில் வைத்துவிட்டு, “மரக்கால் நெல் அளக்கிறதுதானே? அதை வச்சு வயலை எப்படி அளப்பீங்க?” என்று அவனிடமே கேட்டார். அவ்வளவுதான், இருபது பேர் ஒரே நேரத்தில் விளக்க ஆரம்பித்துவிட்டோம். ஒரு மரக்கால் விதை நெல் எவ்வளவு நிலத்துக்குக் காணுமோ அது ஒரு மரக்கால் விதைப்பாடு என்று அவருக்குப் புரிய வைப்பதற்குள் மணி அடித்துவிட்டது. சார்ட்டில் பாதி சொல்லாமலே நின்றது. பேராசிரியை என்ன மார்க் போட்டாரோ!

மறுநாள் விசாரித்துக்கொண்டு வந்துவிட்டார். மரக்காலுக்கு 8 சென்ட், 21 மரக்கால் ஒரு கோட்டை. அப்போது மூன்று மரக்கால் 24 சென்ட். ஒரு சென்ட் சுமார் 40.47 சதுர மீட்டர். பெருக்கினால் 971 சொச்சம். அவனையே போர்டில் வந்து பெருக்கச் சொன்னார். இரண்டு இடத்தில் தப்பு விட்டான், விட்டுத் திருத்தினான். அப்புறம் ஆளாளுக்குத் தங்கள் வயலைச் சொல்ல ஆரம்பித்தார்கள். ஐந்து மரக்கால், அரைக் கோட்டை என்று ஒரே சத்தம். அதற்கு நடுவில், வயல் இல்லாத நாங்கள் ஏழெட்டுப் பேர் வாயை மூடிக்கொண்டு இருந்ததை அவர் கவனித்துவிட்டார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. “நீங்கள்லாம் வாங்க” என்று எங்களை மட்டும் வெளியே கூட்டிப்போய், பள்ளிக்கூட மைதானத்தை டேப் வைத்து அளக்கவிட்டார். அந்த மைதானம் எத்தனை மரக்கால் விதைப்பாடு என்று நாங்கள் திரும்பி வந்து வயல்காரப் பையன்களுக்குச் சொன்னோம்.

கேள்வி கேட்டவன் அதற்கப்புறம் கணக்குப் புலி ஆகிவிட்டான் என்றெல்லாம் நினைக்காதீர்கள். பத்தாவதில் கணக்கில்தான் போனான். நான் சொல்ல வருவது அந்த டீச்சரைப் பற்றி. எந்தப் பையன் எதனால் வாயை மூடிக்கொண்டிருக்கிறான் என்று பார்க்கிற கண் அவருக்கு எங்கே கிடைத்தது? ரெக்கார்டு நோட்டில் அதற்குப் பக்கம் இல்லை. ‘கேள்வி கேட்கும் திறன்’, ‘வலுவூட்டும் திறன்’ என்று தலைப்புப் போட்டு எழுதுவார்கள். எழுதட்டும். அந்த ஒரு மாதத்தில் எங்கள் முன்னால் நின்று திணறித்தான் அவர் அதைக் கற்றுக்கொண்டார். திணறுவதற்கென்றே கொடுத்த நாட்கள் அவை. பின்னால் இருந்து சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கும்போதே திணறிவிட வேண்டும். நீங்கள் அதை விற்றுவிட்டால் வேலை கிடைத்த பிறகு திணறுவீர்கள். அப்போது எதிரில் இருப்பது சம்பளம் வாங்குகிற உங்களை நம்பி வந்த பிள்ளைகள்.

உங்கள் அம்மா பீடி சுற்றினார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். முக்கூடல், ஆலங்குளம், கடையம் வட்டாரத்தில் எத்தனையோ பெண்களை அந்த முறம்தான் பட்டதாரியாக்கியது. 1,000 பீடிக்கு என்ன கூலி, அதில் எத்தனை பீடியைக் கழித்துத் தள்ளுவார்கள் என்று உங்களுக்கே தெரியும். உங்கள் அம்மாவுக்கு இலையை நனைக்காமல், தூளைத் தொடாமல், சுற்றியதாகக் கணக்கு எழுதிக் கூலி வாங்க ஒரு நாளாவது முடிந்திருக்குமா?

கோபமாக எழுதிவிட்டேன். உங்கள் கஷ்டம் புரியாமல் இல்லை. ஒரு வருடமாக இருந்ததை இரண்டு வருடமாக ஆக்கியவர்கள், நகைக்கடைச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிற பெண்ணை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆலங்குளத்திலிருந்து பாளையங்கோட்டை முப்பது கிலோமீட்டருக்கு மேல். காலையில் பையனைக் கிளப்பிவிட்டு, புது பஸ் ஸ்டாண்டில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்து, சாயங்காலம் திரும்புவது சும்மா இல்லை. தொலைதூரக் கல்வியில் பி.எட். படிக்கலாமே என்று யாராவது சொன்னால், அது ஏற்கெனவே வேறு ஆசிரியர் பயிற்சி முடித்தவர்களுக்கு உள்ளது. உங்களுக்குப் பொருந்தாது.

ஆனாலும் இந்த ஊரில் பெண்கள் பயிற்சி எடுத்து டீச்சரானது நேற்றைக்குத் தொடங்கியது இல்லை. ரேனியஸ் என்கிற ஜெர்மன் மிஷனரி 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்ததிலிருந்து கிராமம் கிராமமாகப் பள்ளிக்கூடம் திறந்தார்கள். அவற்றுக்கு வாத்தியார் வேண்டும் என்று பயிற்சியும் தொடங்கியது. பெண்களுக்கான பயிற்சிப் பள்ளி சாராள் தக்கர் பெயரில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. அந்த அம்மா இந்தியாவுக்கே வராதவர், இங்கிலாந்தில் நடமாட முடியாமல் கிடந்தவர். (அவர் பெயரில் இருக்கும் கல்லூரியைத் தாண்டித்தான் உங்கள் பஸ் போகும் என்று நினைக்கிறேன்.) அந்தப் பயிற்சிப் பள்ளியில் படித்த பெண்கள் வண்டிப் பாதையில் ஊருக்கு ஊர் போய்ப் பாடம் எடுத்தார்கள். அந்த வரிசையில் ஒரு ஏஜென்ட் நுழைந்திருப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

வீட்டுக்காரருக்குச் சில விவரம். பி.எட். மட்டும் வைத்துக்கொண்டு ஒன்று முதல் ஐந்து வகுப்புக்கு ஆசிரியராக முடியாது, 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆறு முதல் எட்டு வகுப்புக்கு ஆசிரியர் தகுதித் தேர்வில் இரண்டாம் தாள் தேற வேண்டும். இங்கே 2012இல் நடந்த முதல் தகுதித் தேர்வை 6 லட்சம் பேருக்கு மேல் எழுதினார்கள், தேறியவர்கள் 3,000 பேர்கூட இல்லை. தேறினாலும் அரசு வேலைக்கு இன்னொரு போட்டித் தேர்வு உண்டு என்று 2018இல் அரசாணை வந்தது. ஆக, வேலை நிச்சயமில்லை என்று அவர் சொல்வது சரி. ஆனால் உங்களிடம் எம்.எஸ்ஸி. இருக்கிறது. பி.எட். முடித்தால் பதினொன்று, பன்னிரண்டு நடத்துகிற முதுகலை ஆசிரியர் தேர்வும் எழுதலாம். அரசு வேலை வராவிட்டாலும், வகுப்பில் நிற்கத் தெரிந்த கணக்கு டீச்சரை நம் பக்கத்துப் பள்ளிகள் இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கின்றன. அவர்கள் பட்டத் தாளைப் பார்த்துவிட்டு விடமாட்டார்கள், ஒரு வகுப்பை எடுத்துக் காட்டச் சொல்வார்கள்.

அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளுக்கான கலந்தாய்வு விண்ணப்பத்தையே போடுங்கள். பொதுப் பிரிவுக்கே இளங்கலையில் 50 சதவீதம் போதும், மற்றவர்களுக்கு அதைவிடக் குறைவு. தரவரிசை இளங்கலை மதிப்பெண்ணில்தான், முதுகலைக்கும் கொஞ்சம் சேர்ப்பார்கள். உதவி பெறும் இடம் கிடைக்காவிட்டால் பாளையங்கோட்டையிலோ தென்காசியிலோ நிஜமாக வகுப்பு நடக்கிற தனியார் கல்லூரி பாருங்கள். ஒரு வேலை நாளில் பதினொரு மணிக்குச் சொல்லாமல் போய் நில்லுங்கள், வகுப்பறையில் ஆள் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். நகைக்கடையில் ஞாயிறும் சாயங்காலமும் வேலை தருவார்களா என்று கேளுங்கள், முகூர்த்த மாதங்களில் ஆள் வேண்டியிருக்கும். இன்டர்ன்ஷிப்புக்கு ஆலங்குளம் பக்கத்துப் பள்ளியே வேண்டும் என்று முதல் வருடத்திலேயே சொல்லிவையுங்கள். அந்த 5,000 திரும்பி வராது, இருந்தாலும் ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

மாற்றுச் சான்றிதழும் மதிப்பெண் பட்டியல்களும் கையில் இருக்கின்றனவா? ஏஜென்ட்டிடம் அசலைக் கொடுத்திருந்தால் இந்தக் கடிதத்தை இத்தோடு மூடிவிட்டு முதலில் போய் அதை வாங்குங்கள். வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.