எண்ணெய் பாட்டிலும் வெண்கலச் சர்ப்பமும்

கேள்வி: நாங்கள் மூன்று தலைமுறையாக ஆண்டவரை அறிந்த குடும்பம். வீட்டுச் சுவரில் வசன அட்டையைத் தவிர வேறு படம் கிடையாது. ஆயுத பூஜையன்று ஆபீஸில் கொடுக்கும் பொரியைக்கூட நான் வாங்குவதில்லை. அப்படியிருக்க, விக்கிரக ஆராதனை பற்றி எங்களுக்கு ஏன் திரும்பத் திரும்ப எழுதுகிறீர்கள்? அறியாதவர்களுக்கு எழுதலாமே?

பி.கு.: ஒரு கூட்டத்தில் ஜெபித்துக் கொடுத்த எண்ணெய் தீர்ந்துவிட்டது. அதைப் பூசாமல் பரீட்சைக்குப் போகமாட்டேன் என்கிறான் மகன். எங்கே கிடைக்கும்?

– ஒரு வாசகர், பாளையங்கோட்டை

பதில்: உங்கள் கேள்விக்கான பதிலை நீங்களே பின்குறிப்பில் எழுதிவிட்டீர்கள். இருந்தாலும் சொல்கிறேன்.

"பிள்ளைகளே, நீங்கள் விக்கிரகங்களுக்கு விலகி, உங்களைக் காத்துக்கொள்வீர்களாக." யோவான் முதல் நிருபத்தை முடிக்கும் வரி இது. அவர் எழுதியது விசுவாசிகளுக்கு, அறியாதவர்களுக்கு அல்ல.

எண்ணாகமம் 21ஆம் அதிகாரத்தை எடுங்கள். வனாந்தரத்தில் கொள்ளிவாய்ச் சர்ப்பங்கள் கடித்து ஜனங்கள் சாகிறார்கள். வெண்கலச் சர்ப்பம் ஒன்றைச் செய்து கம்பத்தில் தூக்கி வைக்கிறார் மோசே. அதை நோக்கிப் பார்த்தவன் பிழைத்தான். அது பக்கத்து நாட்டிலிருந்து வந்த சிலை அல்ல. செய்யச் சொன்னதே கர்த்தர்தான். சரி, அப்புறம் அது என்ன ஆயிற்று? 2 இராஜாக்கள் 18க்கு வாருங்கள். பல நூற்றாண்டுகள் கழித்து, 25 வயதில் பட்டத்துக்கு வந்த எசேக்கியா அதை உடைத்துப் போடுகிறான். காரணம், அந்நாள்வரை இஸ்ரவேலர் அதற்குத் தூபம் காட்டிவந்தார்கள். நிகுஸ்தான் என்று அதற்குப் பேரிட்டான். 'வெறும் வெண்கலத் துண்டு' என்பதுபோலத்தான் அர்த்தம்.

எருசலேமில் அன்று எத்தனை பேர் முகம் சுளித்திருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன். 'மோசேயின் கைபட்டதாயிற்றே, நம் முன்னோர் பிழைத்தது இதைப் பார்த்துத்தானே, நேற்று வந்த பையன் உடைக்கிறானே' என்று பேசாமலா இருந்திருப்பார்கள்? அவர்கள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யாக இருந்திருக்காது. சர்ப்பம் நிஜம், பிழைத்ததும் நிஜம். பிழைக்கவைத்தவரை விட்டுவிட்டுக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார்கள், அதுதான் வினை.

பொரி விஷயத்துக்கும் வருகிறேன். வாங்காதது உங்கள் மனச்சாட்சி, அதில் நான் தலையிடவில்லை. ஆனால் இஸ்ரவேலரை மீதியானியரிடமிருந்து மீட்ட கிதியோனும் உங்களைப்போல உறுதியாகத்தான் ஆரம்பித்தார். தகப்பன் வீட்டில் இருந்த பாகால் என்ற அந்நிய தெய்வத்தின் பலிபீடத்தையே இராத்திரியில் இடித்தவர். அதே மனிதர் வெற்றிக்குப் பிறகு 1,700 சேக்கல் பொன்னை வாங்கி ஒரு ஏபோத்தைச் செய்து சொந்த ஊரில் வைத்தார். ஆசாரியர் அணியும் உடைதான், சிலைகூட இல்லை. ஊரே அதன் பின்னால் போயிற்று. அவர் வீட்டாருக்கே அது கண்ணியாயிற்று என்கிறது நியாயாதிபதிகள் 8. அடுத்தவன் பலிபீடம் கண்ணில் பட்டதுபோல, தான் செய்துவைத்தது அவர் கண்ணில் படவில்லை.

எண்ணெய் பூசுவதே தவறு என்று நான் எழுதியதாக அடுத்த கடிதம் வேண்டாம். வியாதிக்காரனுக்கு மூப்பர்கள் எண்ணெய் பூசி ஜெபிக்கட்டும் என்று யாக்கோபு எழுதியிருக்கிறார். அதே வசனத்தில் 'கர்த்தருடைய நாமத்தினாலே' என்பதும் இருக்கிறது, அடுத்த வசனத்தில் இரட்சிப்பது விசுவாசமுள்ள ஜெபம் என்றும் இருக்கிறது. பாட்டிலில் மிச்சம் இருந்தால் தைரியம், தீர்ந்துபோனால் நடுக்கம் என்று உங்கள் மகன் இருக்கிறானே, அவன் யாரை நம்பிப் பரீட்சை எழுதுகிறான்? அவனைக் குறை சொல்லவில்லை. மூன்று தலைமுறைக் குடும்பத்தில் யாரோ கற்றுக்கொடுத்ததுதானே இது.

அடுத்த பரீட்சையன்று காலையில் அவனோடு முழங்கால்படியிட்டு ஜெபித்து, வெறும் நெற்றியோடு அனுப்பிவையுங்கள். முந்தின இரவு அவன் படித்தானா என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய் எங்கே கிடைக்கும் என்பது எனக்குத் தெரியும். சொல்வதாக இல்லை.